நாப்பத்தெட்டாயிரம் ரூபா ஆப்பும் அரைத் தோசையும்

பொட்டி தட்டுற வேலையில இருக்கறவன் ஊருக்குப் போனா சில கடமைகள் தானா வந்து சேரும். பக்கத்து வீட்டு பிரிண்டர் ஏன் பேப்பரை முழுங்குதுன்னு பார்க்கணும். பெரியப்பா போன்ல ஏன் இடமே இல்லைன்னு பார்த்து, ரெண்டாயிரம் 'குட் மார்னிங்' ரோஜாப்பூவை ஒண்ணொண்ணா அழிக்கணும். நீங்களும் இதையெல்லாம் தாண்டித்தான் வந்திருப்பீங்க மக்களே. இப்ப அந்த லிஸ்ட்ல புதுசா ஒண்ணு சேர்ந்திருக்கு: "தம்பி, பிள்ளை படிக்கறதுக்கு எந்த ஆப்பு நல்லது?"

ஆப்புல எது நல்ல ஆப்புன்னு ஒரு வரியில சொல்ல முடியல. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காந்துடுங்க :)

முன்கதைச் சுருக்கம். எனக்கு ஒரே அக்கா. வீடு கோவில்பட்டி. பக்கத்துல ஒரு கிராமத்துல அரசு தொடக்கப் பள்ளி டீச்சர். அத்தான் எலக்ட்ரிகல் கடை வச்சிருக்கார். அவங்க பொண்ணு போன வருஷம் மே மாசம் ஆறாங்கிளாஸ் முடிச்சு ஏழுக்குப் போகக் காத்திருந்தா. சமச்சீர் பாடத்திட்டம், இங்கிலீஷ் மீடியம். பேரைப் போட்டா மாமான்னுகூட பார்க்க மாட்டேன்னு மிரட்டல் வந்திருக்கறதால, இங்க அவ வெறும் 'பாப்பா'.

அந்த லீவுலதான் ஒரு கல்வி கம்பெனிக்காரர் வீட்டுக்கு வந்தார். டை, டேப்லெட், சிரிப்பு, எல்லாம் பக்காவா இருந்துச்சு. பாப்பாவை உக்கார வச்சு இருபது நிமிஷம் டெஸ்ட். முடிஞ்சதும் திரையில செவப்பா ஒரு கட்டம் வந்துச்சு. அதை அக்கா, அத்தான், பாப்பா மூணு பேருக்கும் தெரியற மாதிரி திருப்பிக் காட்டி, "கணக்குல உங்க பொண்ணு ரெண்டு வருஷம் பின்னாடி இருக்கா சார். இப்ப விட்டுட்டா அப்புறம் பிடிக்கவே முடியாது"ன்னார். கோர்ஸ் 48,000 ரூபா. மாசம் 2,000 வீதம் 24 மாசம் கட்டலாம். டேப்லெட் ஃப்ரீ. கூடவே கோடிங் கிளாஸும் உண்டு.

அவர் போனதும் அத்தான் என்னைத் தனியா கூப்பிட்டார். "மாப்ள, மாசம் ரெண்டாயிரம் எப்படியாச்சும் பொரட்டிரலாம். ஆனா கட்டாம விட்டு, நாளைக்கு பிள்ளை கணக்குல பெயிலானா நாமதான கெடுத்தோம்னு ஆயிரும்? அதான் பயமாருக்கு."

பாப்பா அன்னைக்கு ராத்திரி சரியா சாப்பிடலை. தன்னை 'ரெண்டு வருஷம் பின்னாடி'ன்னு ஒருத்தர் அம்மா அப்பா முன்னாடியே சொன்னா எந்தப் பிள்ளைக்குச் சோறு இறங்கும்? எனக்குக் கோவம் வந்தது அந்தக் காசு விஷயத்துல இல்லை, இதுலதான். "அத்தான், பத்து நாள் டைம் குடுங்க. அதுக்குள்ள எங்கயும் கையெழுத்து போட்றாதீங்க"ன்னு மட்டும் சொல்லிட்டேன்.

அந்த டெஸ்ட்டுல செவப்பு கட்டம் தெரிஞ்சுது, தப்பு எங்கன்னு தெரியல. மறுநாள் காலைல ஒரு வெள்ளைத் தாள்ல பத்து கணக்கு போட்டுக் குடுத்தேன். கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் சுத்தம். பின்னத்துல மட்டும் தடுக்கி விழுந்தா. 1/2 + 1/3 = 2/5ன்னு எழுதியிருந்தா. மேல இருக்கறதை மேல இருக்கறதோட, கீழ இருக்கறதை கீழ இருக்கறதோட கூட்டிட்டா. பெருக்கல்ல அப்படித்தான செய்யறோம், கூட்டல்ல மட்டும் ஏன் கூடாதுன்னு பிள்ளை நினைச்சதுல என்ன தப்பு?

அக்கா தோசை ஊத்திக்கிட்டு இருந்தா. கேட்டேன். "பாப்பா, முதல்ல அரைத் தோசை சாப்பிடற. அப்புறம் இன்னொரு தோசையில மூணுல ஒரு பங்கு சாப்பிடற. மொத்தமா அரைத் தோசைய விட கூட சாப்பிட்டியா, குறைச்சலா?"

"கூட."

"சரி. பத்து ரூபாயில பாதி எவ்வளவு?"

"அஞ்சு."

"அஞ்சுல ரெண்டு பங்கு?"

விரல் விட்டு எண்ணி, "நாலு"ன்னா. கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் அவளே தாளைப் பார்த்து, "அய்யய்யோ மாமா, சாப்பிடச் சாப்பிட தோசை குறைஞ்சிருக்கு!"ன்னு சிரிச்சா.

விடை தப்புன்னு அவளுக்கே தெரிஞ்சுபோச்சு. சரியான விடை எப்படி வரும்ங்கறதுக்குத்தான் பொட்டியைத் திறந்தேன்.

ஃபெட்

அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துக்காரங்க நடத்தறது. 2001ல இயற்பியலுக்கு நோபல் வாங்கின கார்ல் வீமன், 2002ல ஆரம்பிச்சது. அறிவியல், கணக்கு ரெண்டுக்கும் கையால இழுத்து, தள்ளி, மாத்திப் பார்க்கற மாதிரி சின்னச் சின்ன மாதிரிகள் வச்சிருக்காங்க. பேட்டரியும் பல்பும் வயரும் இணைச்சு கரண்ட் ஓட விடலாம், ஊசல் ஆட்டலாம். எல்லாம் இலவசம். நிறைய மாதிரிகளை இறக்கி வச்சுக்கிட்டா நெட் இல்லாமலும் ஓடும். சிலதுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கு.

அதுல 'பில்ட் எ ஃபிராக்‌ஷன்'னு ஒண்ணு. வட்டத்துக்குள்ள துண்டுகளை இழுத்துப் போட்டு பின்னம் கட்டணும். பாப்பா ஒரு அரைத் துண்டு போட்டா, பக்கத்துல மூணுல ஒரு துண்டு போட்டா. வட்டத்துல கொஞ்சம் இடம் மிச்சம். "இந்த ஓட்டையில எது கச்சிதமா உக்காரும்?"னு கேட்டுட்டு நான் வாயை மூடிக்கிட்டேன். இதுதான் ரொம்ப கஷ்டமான வேலை, நம்புங்க. கால் துண்டு வச்சுப் பார்த்தா, பெருசு. அஞ்சுல ஒண்ணு வச்சா, அதுவும் பெருசு. ஆறுல ஒண்ணு வச்சதும் டக்குனு உக்காந்துச்சு. அப்ப மிச்சம் ஆறுல ஒண்ணுன்னா, போட்டது ஆறுல அஞ்சு. அரைக்குள்ள ஆறுல ஒண்ணு மூணு இருக்கு, மூணுல ஒண்ணுக்குள்ள ரெண்டு இருக்கு. மூணும் ரெண்டும் அஞ்சு. 'பகுதியைச் சமமாக்கு'ன்னு புத்தகம் சொல்றது இதைத்தான்னு அப்பதான் அவளுக்கு ஒட்டுச்சு.

ரெண்டு வருஷம் பின்னாடின்னு சொன்ன லட்சணம் இதுதாங்க. ஒரே ஒரு ஓட்டை. அளவு ஆறுல ஒண்ணு :)

கான் அகாடமி

இதைத் தெரியாதவங்க குறைவு. ஆனா இது எப்படி ஆரம்பிச்சுதுங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 2004ல பாஸ்டன்ல நிதித்துறையில வேலை பார்த்துக்கிட்டிருந்த சல்மான் கான், நியூ ஆர்லியன்ஸ்ல இருந்த சொந்தக்காரத் தங்கச்சி நாதியாவுக்குப் போன்லயும் யாஹூ டூடுல்லயும் கணக்குச் சொல்லிக் குடுத்தார். அந்தப் பொண்ணுக்குத் தகராறு அலகு மாத்தறதுல. விஷயம் பரவி மத்த சொந்தக்காரப் பசங்களும் கேக்க, 2006ல யூடியூப்ல வீடியோ போட ஆரம்பிச்சார். 2008ல லாப நோக்கமில்லாத அமைப்பாக்கினார், 2009ல வேலையையே விட்டார்.

கவனிச்சீங்களா? உலகத்துக்கே பாடம் எடுக்கற இந்தச் சமாச்சாரம், ஒரே ஒரு பிள்ளைக்கு எங்க இடிக்குதுன்னு ஒருத்தர் உக்காந்து கேட்டதுல இருந்து முளைச்சது. இதுல வீடியோவை விட எனக்குப் பயிற்சிக் கணக்குகள்தான் பிரயோஜனமாப் படுது. தப்புப் போட்டா குறிப்பு குடுக்கும், படிப்படியா காட்டும், விளம்பரம் கிடையாது. பாப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு கணக்கு, அவ்வளவுதான்.

புத்தகத்துலயே இருந்த புதையல்

அக்கா டீச்சர்ங்கறதால இது அவ சொன்னது. தமிழ்நாட்டுல 2018ல இருந்து வந்த புதுப் பாடப்புத்தகங்கள்ல க்யூஆர் கோடு இருக்கு. மத்திய அரசோட தீக்‌ஷா தளம் 2017ல வந்தது. அதோட செயலியில அந்தக் கோடைக் காட்டினா பாடத்துக்கான வீடியோ வரும். அதை விட முக்கியம், கணக்குப் புத்தகத்துல பாட முடிவுல வர்ற 'இணையச் செயல்பாடு' கட்டம். பெரும்பாலும் ஜியோஜீப்ராவுக்குக் கூட்டிட்டுப் போகும். சால்ஸ்பர்க்ல மார்கஸ் ஹோகன்வார்ட்டர்ங்கறவர் 2001ல முதுகலை ஆய்வுக்காகப் பண்ண ஆரம்பிச்ச மென்பொருள் அது. முக்கோணத்தோட ஒரு மூலையைப் பிடிச்சு இழுத்தா கோணமெல்லாம் மாறும், ஆனா மூணோட கூட்டுத்தொகை 180ஐ விட்டு நகராது. பாப்பா அதை உடைச்சே தீருவேன்னு கால் மணி நேரம் இழுத்துப் பார்த்தா. உடையல.

மருந்து முக்காத தீக்குச்சி

இது திரையே வேண்டாத ஐட்டம். அரவிந்த் குப்தான்னு ஒருத்தர், கான்பூர் ஐஐடியில படிச்சவர். குப்பையில போற சாமானை வச்சு அறிவியல் பொம்மை செய்யறதையே வாழ்க்கையா வச்சுக்கிட்டவர். 2018ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அவரோட தளத்துல பொம்மை செய்முறைகளும் புத்தகங்களும் கொட்டிக் கிடக்கு. அவர் ஆரம்ப காலத்துல செஞ்சது தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூப் துண்டையும் இணைச்சு உருவங்கள் கட்டறது.

கோவில்பட்டியில தீக்குச்சிக்குப் பஞ்சமா? கடைக்காரர் ஒருத்தர் மருந்து முக்காத குச்சி ஒரு கைப்பிடி சும்மாவே குடுத்தார். சைக்கிள் கடையில வால்வ் டியூப் வாங்கி பொடிப் பொடியா வெட்டினோம். மூணு குச்சியில முக்கோணம், நாலு குச்சியில சதுரம். சதுரத்தை லேசா அமுக்கினா சாஞ்சு போச்சு. முக்கோணம் அசையல. சதுரத்துக்குக் குறுக்க ஒரு குச்சி போட்டதும் அதுவும் நின்னுடுச்சு. மொட்டைமாடிக்குக் கூட்டிட்டுப் போய், தூரத்துல தெரியற ஹை டென்ஷன் கரண்ட் டவரைக் காட்டினேன். "எல்லாமே முக்கோணம் மாமா"ன்னா. அத்தான் கடையில வயர் வாங்கிட்டுப் போறவங்களை எல்லாம் நிறுத்தி இதைக் காட்டினதா அப்புறம் கேள்விப்பட்டேன்.

கோடிங் கிளாஸ் பத்தி ஒரு வரி. எம்ஐடி மீடியா லேப்ல மிட்செல் ரெஸ்னிக் குழு 2007ல வெளியிட்ட ஸ்க்ராட்ச் இலவசமா கிடைக்குது. கட்டங்களை அடுக்கி விளையாட்டும் கார்ட்டூனும் செய்யலாம், எட்டு வயசுக்கு மேல போதும். இதுக்குப் போய் காசு கேக்கறாங்கன்னா கட்டாதீங்க. பொட்டி தட்டுறவன் சொல்றேன், கேளுங்க.

அக்கா வகுப்புல

பத்து நாள்ல எனக்கே தெரியாம அக்கா குறிப்பெடுத்து வச்சிருக்கா. பள்ளிக்கூடம் திறந்ததும் அதைத் தன் அஞ்சாங்கிளாஸுக்குக் கொண்டு போனா. அவகிட்ட அரசு குடுத்த டேப்லெட் ஒண்ணு, எதிர்ல முப்பது பிள்ளைக. ஒரு திரையை முப்பது பேர் எப்படிப் பார்க்கறது?

அவ கண்டுபிடிச்ச வழி இது. டேப்லெட்டை மூடியே வச்சிருப்பா. முதல்ல கேள்வி: "அரை வட்டமும் கால் வட்டமும் சேர்த்தா மிச்ச ஓட்டை எவ்வளவு?" எல்லாரும் சிலேட்டுல எழுதித் தூக்கிக் காட்டணும். அப்புறம் அவங்களே காகித வட்டத்தை மடிச்சு, வெட்டிப் பார்க்கணும். கடைசியிலதான் டேப்லெட்டைத் திறந்து, "யாரு சொன்னது சரி?"ன்னு பார்க்கறது. "டேய், முதல்லயே திரையைக் காட்டினா அதுக வாயைப் பொளந்து பார்க்கும். யோசிக்கச் சொல்லிட்டுக் காட்டினா, தன் விடை வந்துச்சான்னு பார்க்கும்"னா. இருபது வருஷ அனுபவம் பேசுது.

வாசிக்கத் தடுமாறற பிள்ளைகளுக்கு அவ பயன்படுத்தறது ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்சது. படக்கதைகள், 300க்கும் மேல மொழிகள்ல. தமிழும் உண்டு. நாலு நிலைகளா பிரிச்சிருக்காங்க. முதல் நிலையில ஒரு பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு வரிதான். இறக்கிப் பிரிண்ட் எடுத்துக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க, உரிமமே அப்படி. ஜெராக்ஸ் எடுத்து நடுவுல பின் அடிச்சா, பிள்ளை வீட்டுக்கே எடுத்துட்டுப் போற புத்தகம் ரெடி.

காசு கேக்காது, ஆனா...

இதுவரைக்கும் படிச்சுட்டு 'எல்லாம் இலவசமா கிடைக்குதே, அப்புறம் என்ன'ன்னு நினைச்சீங்கன்னா, கொஞ்சம் இருங்க. இதெல்லாம் காசு கேக்காது. நேரம் கேக்கும். அதுவும் பிள்ளை நேரத்தை இல்லை, நம்ம நேரத்தை.

ஃபெட்டைத் திறந்து குடுத்துட்டு நான் எந்திரிச்சுப் போன அன்னைக்கு, பாப்பா துண்டுகளை வச்சு கோலம் போட்டுக்கிட்டு இருந்தா. யூடியூப்ல கணக்கு வீடியோ போட்டா, அது முடிஞ்சு தானா அடுத்தது ஓடி, அரை மணி நேரத்துல குட்டிப் பூனை வீடியோவுல நிக்கும். தப்பே இல்லை, நானும் ஆபீஸ்ல அப்படித்தான் :) பக்கத்துல ஒருத்தர் உக்காந்து, "ஏன் இப்படி? மாத்தினா என்ன ஆகும்?"னு கேட்டாத்தான் அது பாடம்.

அந்தக் கம்பெனிக்காரர் விக்கறதும் இதைத்தான்னு தோணுது. 'உங்களுக்கு நேரமில்லை, அதை நாங்க பார்த்துக்கறோம்'ங்கறதுதான் அந்த 48,000. அத்தான் கடையைப் பூட்டிட்டு வர ராத்திரி ஒன்பதரை ஆகும். அவரைப் போல இருக்கறவங்களை 'பிள்ளையோட உக்காருங்க'ன்னு சொல்றது எனக்கு ரொம்ப ஈஸி. நான் லீவுல வந்துட்டு, லீவு முடிஞ்சா பஸ் ஏறிடறவன்.

வழி பாப்பாவே சொன்னா. சாயங்காலம் கடைக்குப் போய், அன்னைக்குப் படிச்சதை அப்பாவுக்குச் சொல்லிக் குடுக்கறதுன்னு. அத்தான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சார். அதுதான் வசதியாப் போச்சு. "எனக்குப் புரியலையே, இன்னொரு தடவை சொல்லு"ன்னு அவர் நிஜமாவே கேக்கறார். நடுவுல யாராச்சும் சுவிட்ச் வாங்க வந்தா பாடம் நிக்கும், அப்புறம் தொடரும். இருபது நிமிஷம், வாரத்துக்கு நாலு நாள். பத்தாவது நாள் கம்பெனியில இருந்து போன் வந்தப்ப, "வேண்டாம் சார், நாங்க வீட்லயே பார்த்துக்கறோம்"னு அவரே சொல்லி வச்சுட்டார்.

இப்ப பாப்பா ஃபர்ஸ்ட் ரேங்கான்னு கேப்பீங்க. இல்லை. 52 வாங்கினவ காலாண்டுல 61 வாங்கினா. குறை எண்ணுல குறை எண்ணைக் கழிக்கச் சொன்னா இன்னும் முழிக்கறா. ஆனா முன்னெல்லாம் புரியலைன்னா தாளை மறைச்சு வைப்பா. இப்ப போன் பண்ணி, "மாமா, இந்த இடத்துல எனக்குப் புரியல"ன்னு இடத்தைச் சொல்றா. இடம் தெரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. பக் எந்த வரியில இருக்குன்னு தெரியாம ராத்திரி முழுக்க முழிச்சவங்களுக்கு இது புரியும்.

கடைசியா உங்களுக்கு ஒரு வேண்டுகோள் மக்களே. ஃபெட் மாதிரிகளை யார் வேணும்னாலும் மொழிபெயர்க்கலாம், அதுக்குன்னே கருவி வச்சிருக்காங்க. ஸ்டோரிவீவர் கதைகளையும் அப்படித்தான். ஒரு கதைக்கு ஒரு மணி நேரம் போதும். 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்துல முகம் தெரியாத நாலு பேர் உக்காந்து தட்டச்சு செஞ்சதாலதான் இன்னைக்கு நமக்குச் சங்க இலக்கியம் ஒரு சொடுக்குல கிடைக்குது. நாம சண்டை போட்டு எழுதற நீளத்துக்கு, ஆளுக்கு மாசம் ஒரு குழந்தைக் கதை தமிழ்ல கொண்டு வரலாம். அக்கா வகுப்புல முப்பது பேர் அடுத்த கதைக்குக் காத்திருக்காங்க. நான் ஒண்ணு ஆரம்பிச்சுட்டேன். தவளைக் கதை. தவளை எப்படிக் கத்தும்னு எழுதறதுலயே ரெண்டு நாளா நிக்கறேன். நல்ல சத்தம் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.